பெண்டு எடுத்தாரு, கிராக்குக்கு மாட்டேன்னுட்டாரு: சூலூர் பக்கத்து வீல் பட்டறை

வளைஞ்ச வீலை நிமித்தற பட்டறை இது, போர்டுல கடைப் பேரு கிடையாதுங்க. தகரத்துல சிவப்புப் பெயிண்டுல "அலாய், டிஸ்க் பெண்டு எடுக்கப்படும்"னு எழுதியிருக்கும், அவ்வளவுதான். அலாய்னா அலுமினிய வீல், டிஸ்க்னா இரும்பு வீல், பெண்டுன்னா வளைவு. சூலூர் தாண்டி பல்லடம் போற திருச்சி ரோட்டுல, இடது பக்கம் வேப்பமரத்தடி. திருப்பூர்ல இருந்து அவ்வளவு தூரம் எதுக்குப் போனேன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஐப்பசி மழையில ஒரு நாள் பொழுதோட, செக்கிங் முடிஞ்ச பனியன் பீஸைக் கார் டிக்கியில போட்டுக்கிட்டு மங்கலம் ரோட்டுல வந்துட்டிருந்தேன். குழாய்க்குத் தோண்டி மண்ணைத் தள்ளி மூடின குழி, தண்ணி நின்னதுல ரோடு மாதிரியே தெரிஞ்சுது. இடது முன் வீல் "டொம்"முனு இறங்குச்சு, அது ஏர்றதுக்குள்ள பின் வீலும். காலையில பாத்தா முன் டயர் தரையோட தரை. 33 வெச்சிருந்த காத்து 9-க்கு வந்திருந்துச்சு. பின் வீல் நல்லாத்தான் இருந்துச்சு. அப்படித்தான் நெனச்சேன்.

முதல்ல போனது ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டர். சோபா, காபி எல்லாம் உண்டு. வீலைத் தொட்டுக்கூடப் பாக்காம, "நாலையும் மாத்தீருங்க மேடம், ஒண்ணு மட்டும் மாத்துனா பேலன்ஸ் வராது"ன்னு அந்தத் தம்பி சொன்னாரு. 36,000 ரூபாய்க்கு எஸ்டிமேட், டயர் தனி. பேலன்சிங்கை ஒவ்வொரு வீலாக் கழட்டி மெஷின்ல மாட்டித்தான் பாக்கறாங்க, அதுக்கு எதுக்குங்க நாலும் புதுசு? என்ற வீட்டுக்காரரு போன்ல "இன்சூரன்ஸ்ல போடு"ன்னாரு. வண்டிக்கு வேற அடி இல்லாம டயர் மட்டும் போனா சாதாரணப் பாலிசியில காசு வராது, வீலுக்குன்னு க்ளெய்ம் போட்டா, க்ளெய்மே போடாததுக்குப் பிரீமியத்துல குறைக்கற 45 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் போயிரும். கணக்குப் போட்டுப் பாத்துட்டு வேணாம்னு விட்டுட்டேன்.

பட்டறையைச் சொன்னது எங்க சாயப்பட்டறை வேன் டிரைவர். ஸ்டெப்னியை மாட்டிக்கிட்டுப் போனேன். மாஸ்டருக்கு அம்பதுக்கு மேல இருக்கும். கோயமுத்தூர்ல ஒரு பவுண்டரியில பம்பு வார்ப்புகளைச் சோதிக்கற வேலை பாத்தவராம். டயரைக் கழட்டுனதும் சைடுல நெல்லிக்காய் சைசுக்கு ஒரு வீக்கத்தைக் காட்டி, "உள்ள நூல் அறுந்திருச்சுங்க்கா, இது ஆகாது"ன்னாரு. பனியன் கம்பெனிக்காரிக்கு நூல் அறுந்தா என்ன ஆகும்னு தனியாச் சொல்லித்தரணுமா?

ரிம்மை ஒரு தண்டுல மாட்டி, வளைவை மில்லிமீட்டர்ல காட்டற டயல் கேஜோட மொனையை ஓரத்துல முட்டவெச்சு, கையாலயே மெதுவாச் சுத்துனாரு. பாதிச் சுத்து வரைக்கும் முள்ளு ஆடவே இல்லை. அப்புறம் ஒரு எடத்துல சரட்டுனு ஏறி எறங்குச்சு. இரண்டரை மில்லி. வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்லை, உள்பக்கத்து உதடுதான் நசுங்கியிருந்துச்சு. டயரோட வாய் உக்கார்ற எடம் அது, காத்து எறங்குனது அந்த வழியா.

நான் பக்கத்துல நின்னு "கேஸ் வெச்சுச் சூடு பண்ணுவீங்களா?"ன்னு கேட்டேன். எங்க பழைய வண்டியில இரும்பு டிஸ்க், சுத்தியல்ல நாலு தட்டு தட்டுனா நேராயிரும். "இது வார்த்துட்டுப் பதம் வெச்ச அலுமினியமுங்க்கா. கேஸ் வெச்சா வெசையா வளையும், ஆனா பதம் போயிரும். அப்புறம் சின்னக் குழிக்கே மறுபடி வளையும்"னுட்டு, ஜாக்கியை வெச்சு அழுத்தறதும் டயல்ல பாக்கறதுமா ஒரு மணி நேரம் போச்சு. கடைசியா அரை மில்லிக்குள்ள வந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு கெளம்பலாம்னு பாத்தா, "பின் வீலும் அதே குழியிலதானே எறங்கியிருக்கும்?"ன்னாரு. காத்தே எறங்கலையேன்னு சொன்னேன். "பாத்துட்டுப் போங்க, காசு வேண்டாம்"னு கழட்டிட்டாரு. ஆரக்கால் வந்து ரிம்மோட சேர்ற எடத்தைத் தொடச்சு, சிவப்பா ஒரு ஸ்பிரே அடிச்சாரு. பத்து நிமிஷம் கழிச்சு அதைச் சுத்தமாத் தொடச்சுட்டு, மேல வெள்ளையா இன்னொண்ணு. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிருச்சு. பாத்துட்டே இருக்கறப்ப அந்த வெள்ளைக்குள்ள இருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்துச்சு. கிராக்குக்குள்ள எறங்குன சிவப்புச் சாயம்தான் அப்படி வெளிய வருது, ரெண்டு விரக்கடை நீளம். எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சுங்க. முந்தின நாள்கூட அவினாசி ரோட்டுல பையனை வெச்சுக்கிட்டு 90-ல வந்திருக்கேன்.

வெல்டு வைக்கலாமான்னு கேட்டேன். "வெச்சாக் காத்து நிக்குமுங்க்கா. ஆனா பக்கத்துல இருக்கற உலோகம் இளகிப்போயி, கிராக்கு வேற எடத்துல கெளம்பும். இந்த எடத்துல நான் வைக்கமாட்டேன், வேற ஆளு வெச்சுக் குடுத்தாலும் போடாதீங்க." வர்ற காசை வேண்டாம்னு சொல்ற ஆளை இந்தத் தொழில்ல நான் அதிகம் பாத்ததில்லை.

பழைய சாமான் கடையில ஒண்ணு வாங்கிரலாமான்னு ரோசனை பண்ணுனேன். நாலு போல்ட்டு ஓட்டை ஒத்துப்போனா மட்டும் பத்தாதாம், நடு ஓட்டை, ஆப்செட் (வீல் எவ்வளவு உள்ள தள்ளி உக்காருதுங்கறது) எல்லாம் பாக்கணுமாம். அதோட வெல்டு வெச்சுப் பெயிண்டு அடிச்சதுன்னா நமக்குத் தெரியாது. அதனால கம்பெனி வீலே ஒண்ணு ஆர்டர் போட்டேன். வர்றதுக்கு ஆறு நாளு, 8,700 ரூபாய். பெண்டு எடுத்ததுக்கு 1,200, பேலன்சிங்குக்கு 300. முன்னாடி ரெண்டு டயரும் சோடியா மாத்துனது தனிச் செலவு. இப்ப ரெண்டு மாசம் ஆச்சு, நீலம்பூர் பைபாஸ்ல 100-ல போனாலும் ஸ்டீரிங் ஆடறதில்லை. காத்து வாரத்துக்கு ஒருக்கா நானே பாக்கறேன், அப்படியே நிக்குது.

குறை இல்லாம இல்லைங்க. அன்னிக்கு மூணரை மணி நேரம் ஆச்சு. பொம்பளைங்க போனா பாத்ரூம் வசதி கிடையாது, எதிர்ல இருக்கற பெட்ரோல் பங்குக்குத்தான் போகணும். ஜாக்கி அழுத்துன எடத்துல பெயிண்டு உரிஞ்சதுக்கு ஒரு சில்வர் கலர் அடிச்சு விட்டாங்க, அது வீலோட கலரே இல்லை. உள்பக்கமாப் போச்சு, தப்பிச்சேன். நட்டு முறுக்கறப்ப அங்கிருந்த பையன் நட்டு முறுக்கற கன் மெஷினைப் புடிச்சு அடிச்சுத் தள்ளுனான். முறுக்கை அளந்து வைக்கற டார்க் ரெஞ்ச்ல வைங்கன்னு நான் சொன்னதுக்கு அப்புறம்தான் மாஸ்டரே வந்து அளந்து வெச்சாரு. 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒருக்கா செக் பண்ணிக்கச் சொன்னதும் அவருதான்.

கிராக்கு விட்ட வீலைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி கிரைண்டரை வெச்சு ஓரத்தைக் குறுக்கா அறுத்தாரு. ஏனுங்கன்னு கேட்டதுக்கு, "எடைக்குப் போட்டீங்கன்னா யாராச்சும் ஒட்டவெச்சு வித்துருவாங்க"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை லீவு. ஜிபே இருக்கு, பில்லு கேட்டாத்தான் தருவாங்க. காலையில ஒம்பதுக்கெல்லாம் போயிருங்க, பொழுதேறுனா லாரிக்காரங்க வந்துருவாங்க. உக்கார்றதுக்கு வேப்பமரத்தடியில ஒரு கல்லு இருக்கு, அதுலயும் பெரும்பாலும் யாராச்சும் தூங்கிட்டிருப்பாங்க.