கோ-கோ கற்றுத்தந்த பழக்கம்: கடலூர்ப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி வகுப்பு பற்றி

புதுச்சேரியிலிருந்து மாற்றலாகிக் கடலூருக்கு வந்த புதிதில், ஏழாம் வகுப்பில் சேர்ந்த என் மகள் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டைத் தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அந்த நிலையை மாற்றியது வாரம் மூன்று முறை நடக்கும் உடற்கல்வி வகுப்புதான். ஓராண்டு கவனித்தபின் எழுதுகிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் பருவம் முழுவதும் கோ-கோதான். இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும் போதும் என்பதால், செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். வேலியோரம் நின்று பார்த்தபோது எண்ணம் மாறியது. விரட்டும் அணியில் எட்டுப் பேர் ஒருவர் மாற்றி ஒருவராக எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்க, ஒன்பதாமவர் மட்டுமே ஓடுகிறார். அவரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பதால், எவ்வளவு வேகமான பிள்ளையானாலும் மறுபக்கம் தப்பியவரைப் பிடிக்க, உட்கார்ந்திருப்பவரின் முதுகைத் தொட்டுக் 'கோ' கொடுத்துவிட்டு அவர் இடத்தில் தான் உட்கார வேண்டும். வகுப்பில் யாரும் பேச்சுக் கொடுக்காத பிள்ளையின் முதுகிலும் ஒரு கை விழுந்தே தீரும். முதல் நாள் என் மகள் அவசரப்பட்டு எழுந்து ஃபவுல் வாங்கியபோது, எதிர்த்திசை பார்த்து அமர்ந்திருந்த பக்கத்துப் பெண், "உனக்குப் பின்னாடி வர்றது எனக்குத் தெரியும், நான் சொல்றேன் இரு" என்றாளாம். இப்போது அந்தப் பெண்ணின் எலுமிச்சைச் சாதத்தில் பாதி என் மகளுக்குத்தான்.

விளையாட்டு என்றாலே ஒற்றுமை வந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை. தலைவர்கள் ஆள் பொறுக்கும்போது கடைசியாக நிற்கும் பிள்ளையைக் கேட்டால் தெரியும். இங்குள்ள பி.டி. ஆசிரியர் அதற்கு இடம் தராமல், வரிசையில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லி அணி பிரிக்கிறார். விசிலையும் ஒவ்வொரு நாளும் ஒரு மாணவரிடம் கொடுத்துவிடுகிறார். தோழிக்கே ஃபவுல் ஊதிவிட்டு மறுநாள் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சங்கடத்தை என் மகளும் பட்டிருக்கிறாள்.

குறை இதுதான். அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் இந்தப் பீரியடுகள் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டன. குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்வானதும் மைதானம் அவர்களுக்கே என்றாகி, மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் உடற்பயிற்சி என்பது எல்லா மாணவருக்கும் உரிய அன்றாடக் கல்வி. டிசம்பர் 2 அன்று நடக்கும் ஆண்டு நிகழ்ச்சியை அங்கே பார்த்துப் பழகிய எனக்கு, கூச்சமுள்ள பிள்ளைகளே முதலில் ஓரம் கட்டப்படுவது உறுத்துகிறது. பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறையும் இல்லை.

இருந்தும், அடுத்த ஆண்டு மகனையும் இங்கேயே சேர்க்கிறேன். உடற்கல்விப் பீரியடை வேறு பாடத்துக்குத் தரக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.