இறுகிப்போன பின் பிரேக் அட்ஜஸ்டர்: வண்டியிலேயே தளர்த்துவதா, கழற்றுவதா, புதிதாக மாற்றுவதா?

பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கிறது, ஹேண்ட் பிரேக் நெடுக இழுத்தால்தான் நிற்கிறது என்றால், பலரும் முதலில் கை வைப்பது ஹேண்ட் பிரேக் கேபிளில்தான். அது தவறு. கேபிளை இறுக்கினால் ஷூ (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்பக்கம் அழுந்தி வண்டியை நிறுத்தும் வளைந்த தகடு) முழுதாகத் திரும்பாமல் உரசிக்கொண்டே இருக்கும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அட்ஜஸ்டரை, அதாவது ஷூ தேயத் தேய அதை டிரம்முக்கு அருகில் நகர்த்தி வைக்கும் திருகை.

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், இங்கிலாந்தின் பழைய மினி கார் இரண்டிலும் தத்துவம் ஒன்றே. பேக் பிளேட்டின் (ஷூக்களைத் தாங்கும் தகடு) பின்னால் அட்ஜஸ்டர் திருகின் சதுரத் தலை துருத்திக்கொண்டிருக்கும். அதை வலப்பக்கம் திருப்பினால் திருகின் கூம்பு முனை உள்ளே போய், இரண்டு பக்கமும் உள்ள டாப்பெட்டுகளை (சிறு தள்ளு கட்டைகளை) தள்ளும். அவை ஷூவை டிரம்மை நோக்கி விரிக்கும். கூம்பில் நான்கு தட்டையான முகங்கள் இருப்பதால் கால் சுற்றுக்கு ஒரு ‘க்ளிக்’. திருகின் வால் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் தொல்லையின் வேர். சக்கரம் வாரி அடிக்கும் சேறும் மழைத்தண்ணீரும் அந்த மரையில்தான் குடியேறுகின்றன. இறுக்கும்போது அந்தத் துருப்பிடித்த மரைதான் வீட்டுக்குள் (திருகு ஓடும் அட்ஜஸ்டர் உறைக்குள்) நுழைந்தாக வேண்டும். நுழையாது, சிக்கும்.

எந்த வழிக்குப் போனாலும் ஸ்பேனர் சரியாக இருக்க வேண்டும். தலையின் அகலம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. 6 மி.மீ. ஸ்பேனர் ஏறாது, 7 மி.மீ. ஏறி, ஒரே திருப்பில் நான்கு மூலைகளையும் வழித்துவிடும். இதற்கென்றே வரும், நான்கு பக்கமும் கவ்வும் சதுர ஓட்டை ஸ்பேனர்தான் வேண்டும். திறந்த வாய் ஸ்பேனரை நம்பி இறங்க வேண்டாம்.

வண்டியில் வைத்தே தளர்த்துவது. செலவு குறைந்த வழி, லேசான இறுக்கத்துக்குப் போதும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, டிரம்மைக் கழற்றுங்கள். ஷூ தேய்ந்தும் அட்ஜஸ்டர் பின்தொடராத நிலை என்பதால் டிரம் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. ஷூவையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட லைனிங் (ஷூவின் உராய்வுப் பூச்சு) பிறகு உதவாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வெளி மரையை வயர் பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது, பாதி வெற்றியும் இதில்தான். பிறகு துரு இளக்கும் எண்ணெயை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். வீல் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஷூக்களைத் தள்ளும் உருளை) ரப்பரில் படக்கூடாது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். மறுநாள் அரைக்கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று ஆட்டிக்கொண்டே போங்கள். ஸ்பேனர் ரப்பர்போல் வளைந்து கொடுக்கும் உணர்வு வந்தால் உடனே நிறுத்துங்கள். மரை நகரவில்லை, தண்டு முறுக்கிக்கொள்கிறது. அடுத்த திருப்பில் சதுரம் கையோடு வந்துவிடும்.

கழற்றி மேசையில் வைத்துத் தளர்த்துவது. ஹெரால்டுக்கு இதுதான் சிறந்த வழி. அட்ஜஸ்டர் முழுதும் பேக் பிளேட்டின் பின்னால் உள்ள இரண்டு நட்டில் நிற்கிறது. ஹப்பைத் தொட வேண்டாம், பிரேக் பைப்பைத் திறக்க வேண்டாம், பைப்பில் புகுந்த காற்றை எடுக்கும் வேலையும் இல்லை. இவ்வளவு எளிதாக வரும் பாகத்தோடு வண்டிக்கடியில் படுத்துப் போராடுவது வீண்.

வீடு அலுமினியக் கலவை, திருகு எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வைஸில் பிடித்து, ஹீட் கன்னால் 150 டிகிரி ஏற்றினால் 10 மி.மீ. துளையில் சுமார் 0.016 மி.மீ. இடைவெளி கூடும். கேட்க அற்பமாக இருந்தாலும் துருவின் பிடி விட அது போதும். கேஸ் வெல்டிங் தீ வேண்டாம். அலுமினியம் சிவக்காமலேயே 660 டிகிரி அளவில் உருகிவிடும், முன்னறிவிப்பு தராது. பிரேக் கிளீனர் தெளித்த பாகத்தையும் சூடாக்காதீர்கள். குளோரின் கலந்த வகையானால் நச்சு வாயு கிளம்பும்.

டாப்பெட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, திருகை வலப்பக்கமாகவே சுற்றி உள்பக்கம் வழியாக வெளியே கொண்டுவாருங்கள். டாப்பெட்டுகளைத் திரும்பப் போடும்போது சரிந்த முகம் கூம்பை நோக்கி, அதன் சரிவோடு படிய வேண்டும். மாறிப் போனால் க்ளிக் வராது, ஷூவும் சமமாக விரியாது. மரைக்குக் காப்பர் கிரீஸ் வேண்டாம். ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரிக்கும். செராமிக் கிரீஸ் நல்லது.

மினியில் நிலைமை வேறு. அங்கே வீடு பேக் பிளேட்டோடு நிரந்தரமாகச் சேர்ந்தது, கழற்றும் வசதியே இல்லை. ஆகவே முதல் வழியைப் பொறுமையாக இரண்டு மூன்று நாள் செய்வதே முறை. அதுவும் தோற்றால் பேக் பிளேட்டையே மாற்ற வேண்டும். ஹப் கழல வேண்டும் (ஒரு பக்கத்து நட்டு இடது மரை, பார்த்துத் திருப்புங்கள்), பைப் திறக்க வேண்டும், முடிவில் காற்று எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கே அரை நாள் ஓடிவிடும்.

புதிது போடுவது. சதுரம் உருண்டுவிட்டதா, தண்டு முறிந்ததா, அலுமினிய மரை உரிந்து வந்துவிட்டதா? யோசிக்காமல் மாற்றுங்கள். கிரிப் பிளையரால் திருப்பிக் காலம் தள்ளுவது பிரேக்கில் கூடாது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் காரும் ஹெரால்டு அடித்தளத்தில் வந்ததால் பிரிட்டிஷ் பாகக் கடைகளில் இவ்வகை அட்ஜஸ்டர் இன்னும் கிடைக்கிறது. பழையதோடு வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும் முன் கையாலேயே முழு நீளமும் உள்ளே வெளியே ஓட்டிப் பாருங்கள். புதிதிலேயே மரை கரகரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் இறுகியிருந்தால் மறுபக்கமும் அதே மழையில்தான் ஓடியிருக்கும், அதையும் திறந்து பார்த்துவிடுங்கள். பூட்டியபின், சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, தாராளமாகச் சுழலும்வரை ஒவ்வொரு க்ளிக்காகத் தளர்த்துங்கள். பெடலை நாலைந்து முறை அழுத்தி ஷூ நடுவில் அமர்ந்ததும் மறுபடி சரிபாருங்கள். கேபிளில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.