நண்பர்கள் பேண்டுக்கு டிரம் செட்டா, கஹோனா?

கிட்டார், கீபோர்டு யாரிடமாவது இருக்கும். தாளத்துக்கு எதை வாங்குவது என்பதில்தான் பல குழுக்கள் தடுமாறுகின்றன.

சத்தம்: டிரம் செட் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். அடுக்குமாடி வீட்டில் பயிற்சி நடக்காது. பாடுபவர் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். பெரு நாட்டில் பிறந்த கஹோன் வெறும் மரப்பெட்டி. அதன்மேல் உட்கார்ந்து கையால் தட்டலாம். சின்ன அறையில் மைக் இல்லாமலே குரல் கேட்கும். எனக்கு இதுதான் முக்கியம்.

செலவு: செட் வாங்கிய பிறகும் சிம்பல், தோல், குச்சி என்று நீளும். கஹோனுக்கு அநேகமாக ஒரே செலவு.

எடுத்துப்போக: செட்டுக்கு வண்டி பிடிக்க வேண்டும். கஹோன் பைக்கிலேயே போகும்.

ராக், மெட்டல் வாசிப்பவர்களுக்கு டிரம் செட்தான். ஜாம் ரூமில் (இசைக்குழுக்கள் பயிற்சி செய்யும் அறை) மணிக்கணக்கு வாடகைக்கு வாசியுங்கள். மெலடிப் பாடல்கள், கல்யாண வரவேற்பு என்றால் கஹோன். பின்பக்க ஓட்டையருகே ஒரு மைக் வைத்தால் மேடைக்கும் போதும்.