ட்ரெய்லர் மூக்கைத் தூக்குவது யார்: ஆளா, ஜாக்கியா, டிராக்டரா?

குறுவை அறுவடை முடிந்த சமயம். கொள்முதல் நிலையத்தில் மறுநாள் எங்கள் முறை என்பதால் 80 மூட்டை நெல்லை முதல் நாளே ட்ரெய்லரில் ஏற்றி வைத்திருந்தோம். ராத்திரி வேறு வயலில் உழவு இருந்ததால், டிரைவர் முன்பக்கத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். விடியற்காலையில் தூறல். போய்ப் பார்த்தால் கட்டை சேற்றில் இறங்கி, ட்ரெய்லரின் மூக்கு, அதாவது டிராக்டரில் மாட்டும் கொக்கி வளையம் உள்ள முன்முனை, மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது.

"மச்சான், ஒரு கை போடு" என்றான் அத்தை மகன். நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக நானும் குனிந்தேன். பாதி உயரம் வந்தபோது எதிர்ப்பக்கம் நின்றவருக்குக் கால் வழுக்கியது. அவர் பங்குப் பாரம் என் பக்கம் சாய்ந்த அந்த நொடியில் இடுப்பில் களுக்கென்றது. அப்புறம் மூன்று வாரம் படுக்கை, இடது காலில் குதிகால் வரை இறங்கும் வலி, ஒரு எம்ஆர்ஐ. படுத்துக்கிடந்த நாள்களில்தான், இந்த மூக்கைத் தூக்க வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். எழுந்து நடமாட ஆரம்பித்தபின் எல்லாவற்றையும் செய்தும் பார்த்துவிட்டேன்.

முதலில், அந்த மூக்கில் எவ்வளவு பாரம் இருக்கிறது? இரண்டு சக்கர ட்ரெய்லரில் அச்சு பெட்டியின் நடுவில் இருக்காது, கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும். எங்கள் பெட்டி 3 மீட்டர் நீளம். அச்சு முன்விளிம்பிலிருந்து 1.8 மீட்டரில். வளையத்துக்கும் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். 40 கிலோ மூட்டைகள் 80 என்றால் 3,200 கிலோ. சமமாகப் பரப்பி அடுக்கினால் பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் விழும். அதாவது பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, 320 கிலோ, வளையத்தின் மேல். வண்டியின் சொந்த எடைக்கு இன்னும் நூறு கிலோவாவது சேரும்.

இது கொல்லன் செய்த தப்பு இல்லை, வேண்டுமென்றே வைப்பது. டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசன் தன் டிராக்டருக்கென்று வடிவமைத்த ட்ரெய்லரில் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளியதே, பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் பின்சக்கரங்களை அழுத்த வேண்டும் என்றுதான். அழுத்தினால்தான் சேற்றில் சக்கரம் சுழலாமல் பிடிக்கும். ஆக, டிராக்டருக்கு அந்தப் பாரம் தேவை, நமக்கு அது எமன். அப்படியானால் தூக்க வேண்டியது யார் என்பதற்கு விடை அங்கேயே பாதி கிடைத்துவிடுகிறது. ஆனாலும் ஊரில் முதலில் குனிவது ஆள்தான்.

ஆள் பலம்

இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: கருவி எதுவும் தேடவேண்டாம். நாலு பேர் கிடைத்தால் ஒரு நிமிஷ வேலை.

அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய பாரம் தூக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தாலும், அதாவது பாரம் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல பிடியோடு இருந்தாலும், அது பரிந்துரைக்கும் அளவு 23 கிலோதான். பாரம் கணுக்காலிலிருந்து 40 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதே கணக்குப்படி 12 கிலோகூடத் தேறாது. நாங்கள் ஐந்து பேர் பங்கிட்டது ஆளுக்கு 80 கிலோவுக்கு மேல்.

"எங்கள் லோடுமேன் நாள் முழுக்க மூட்டை தூக்கவில்லையா?" என்று கேட்கலாம். அவர் சுமக்கிறார், குனிந்து தூக்குவதில்லை. தரையிலிருந்து எடுத்து முதுகிலோ தலையிலோ ஏற்றிவிட வேறு ஆள் உண்டு. ஏறியபின் பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது. குனிந்து தூக்கும்போது கதையே வேறு. முதுகை நிமிர்த்தும் தசை முதுகெலும்பிலிருந்து 5 செ.மீ. அளவு தள்ளித்தான் இழுக்கிறது. கையில் இருக்கும் பாரமோ அரை மீட்டர் முன்னால். ஒன்றுக்குப் பத்து. கையில் 40 கிலோ என்றால் தசை இழுக்க வேண்டியது 400 கிலோ. அத்தனையும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளில் இடுப்பின் கடைசி இரண்டை நசுக்குகிறது.

"முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை" என்ற புத்திமதி பெட்டிக்கும் மூட்டைக்கும் சரி. ட்ரெய்லரின் மூக்கு இரண்டு சட்டங்கள் கூம்பி வந்து சேரும் அமைப்பு. அதை இரண்டு காலுக்கு நடுவே கொண்டுவர வேண்டுமென்றால் வளையத்துக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். அதுதான் டிராக்டர் பின்னால் வரும் பாதை. கிளட்சில் கால் நழுவினால் முதுகோடு போகாது. பக்கவாட்டில் நின்றாலோ உடம்பைத் திருகித்தான் தூக்க முடியும். இந்த வேலையில் நல்ல நிலை என்று ஒன்றே கிடையாது.

இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டால்? ஆரோக்கியமான ஆளின் முதுகை அது காக்கும் என்று பரிந்துரைக்க முடியாது என்று அதே நியோஷ் 1994-இல் சொல்லிவிட்டது. கட்டினால் தைரியம்தான் கூடும்.

நேரமும் ஒரு விஷயம். ராத்திரி படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால்தான் எழுந்தவுடன் முதுகு விறைப்பாக இருக்கிறது. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து பாரம் எடுப்பது மோசம். நாலு மணி நேரம் டிராக்டர் சீட்டில் குலுங்கிவிட்டுக் குதித்து இறங்கி உடனே தூக்குவதும் அப்படியே. நான் தூக்கியது காலை ஆறரைக்கு.

கடப்பாரை

ஒன்றரை மீட்டர் கடப்பாரையை நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு செங்கல்லின் மேல் வைத்து அழுத்தினால் ஒன்பது மடங்கு பலன். 420 கிலோவுக்கு 47 கிலோ அழுத்தினால் போதும். அதுவும் கீழ்நோக்கி அழுத்துவது, நம் உடம்பு எடையே வேலை செய்யும். முதுகுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஏறுகிற உயரம் ஒரு சாண்கூட வராது. ஒரு முறை நெம்பி, கட்டை வைத்து, செங்கல்லை உயர்த்தி, மறுபடி நெம்ப வேண்டும். நடுவில் செங்கல் பிளந்தால் கடப்பாரையின் மறுமுனை தாடையைப் பெயர்க்கும். நான் இதைத் தனி வழியாக மதிக்கவில்லை, ஜாக்கிக்கு இடம் பண்ணிக்கொடுக்கும் எடுபிடியாக மட்டும்தான். இன்னொரு உபயோகமும் உண்டு: வளையத்தின் ஓட்டையும் கொக்கியின் ஓட்டையும் நேராகிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. விரலுக்குப் பதில் கடப்பாரை நுனியை விடுங்கள்.

பாட்டில் ஜாக்கி

டிராக்டர் டூல் பாக்ஸில் பெரும்பாலும் கிடக்கும். டன் கணக்கில் தூக்கும். பலம் பிரச்சினையே இல்லை, உயரமும் தரையும்தான் பிரச்சினை. மூக்கு தரையில் கிடந்தால் ஜாக்கி உள்ளே நுழையாது, முதலில் கடப்பாரை போட வேண்டும். நுழைந்தபின் ஒரே ஏற்றத்தில் கொக்கி உயரம் வராது. பாதியில் கட்டை முட்டுக் கொடுத்து, ஜாக்கியை இறக்கி, அடியில் பலகை வைத்து இரண்டாவது முறை ஏற்ற வேண்டும்.

ஈர மண்ணில் இன்னும் கஷ்டம். ஜாக்கியின் அடி 10-க்கு 10 செ.மீ. என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம். சேறு அதைத் தாங்காது, மூக்கு ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். 30-க்கு 60 செ.மீ. பலகை ஒன்றைக் கீழே போட்டால் அதே பாரம் கால் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். எங்கள் டிரைவர் கொடுத்த கட்டைக்கு அடியில் இப்படி ஒரு பலகை இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் ஜாக்கி போடக் கூடாது. மூக்கு உயரும்போது வண்டி இம்மி நகர்ந்தாலும் ஜாக்கி சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடுவதும் கூடாது. ஆக மொத்தம், முதுகு தப்பும், ஆனால் சேற்றில் குத்தவைத்துக் கால் மணி நேரம் போகும். வாரத்தில் ஒரு நாள் கழற்றி மாட்டுபவருக்குப் போதும். தினமும் மாட்டுபவர் மூன்றாம் நாளே ஜாக்கியை விட்டுவிட்டு ஆள் கூப்பிடுவார்.

டிராக்டரின் சொந்தக் கை

கலப்பையையும் ரோட்டவேட்டரையும் தூக்குகிற அதே ஹைட்ராலிக் கைகள். 45 குதிரைத்திறன் வண்டிகள் பலவற்றில் அவை ஒன்றரை டன் வரை தூக்கும், 420 கிலோ அவற்றுக்கு ஒரு விஷயமே இல்லை. இரண்டு கைகளுக்கும் குறுக்கே தடித்த சங்கிலியைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, பின்னால் வந்து, மூக்கின் அடியில் சங்கிலி போகும்படி மாட்டி, லிவரைத் தூக்கினால் மூக்கு மேலே வந்துவிடும். சங்கிலி இறக்குமளவு மூக்கில் இடம் இருந்தால் சரி. மண்ணில் புதைந்திருந்தால் இங்கேயும் கடப்பாரைதான் முதலில்.

வேகத்தில் இதற்கு ஈடில்லை. நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. சங்கிலி மாட்ட ஒருவர் டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே போயாக வேண்டும். எங்கள் விதி இது: டிராக்டர் நகரும்போது நடுவில் யாரும் இல்லை, நடுவில் ஆள் இருக்கும்போது டிராக்டர் நியூட்ரலில், பிரேக் பூட்டி. கைகள் தூக்கிய பாரம் எண்ணெய் கசிந்தால் மெல்ல இறங்கும் என்பதால், முட்டுக் கொடுத்து, கொக்கியையும் வளையத்தையும் இணைக்கும் இரும்புப் பின்னைப் போட்டு முடிக்கும் வரை அடியில் கை கால் வைப்பதும் இல்லை.

இதையே ஃபெர்குசன் அந்தக் காலத்திலேயே முடித்துவைத்திருந்தார். 1946-இல் வந்த அவருடைய டிஇ20 டிராக்டருக்கு ஒரு கொக்கி உண்டு. டிரைவர் பின்னால் வந்து, ஹைட்ராலிக்கால் கொக்கியை உயர்த்தினால் வளையத்தைத் தானே கவ்விப் பூட்டிக்கொள்ளும், சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம். பிரிட்டனின் பண்ணைகளில் அந்த மாதிரிக் கொக்கி சாதாரணம். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, அதே ஃபெர்குசன் வழிவந்த டிராக்டர்களைத்தான் நமக்குச் செய்து கொடுத்தது. டிராக்டர் வந்தது, கொக்கியை மட்டும் எங்கள் பக்கம் நான் ஒரு வண்டியிலும் பார்த்ததில்லை. ஆள் சும்மா கிடைத்த காலத்தில் யார் அதைக் கேட்டிருப்பார்கள்?

மூக்கிலேயே ஒரு கால்

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. மூக்கை ஒட்டி, கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ ஸ்டாண்டு, அடியில் அகலமான இரும்புத் தட்டு. வட அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கேம்பிங் ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு இது புதிதல்ல, அவர்கள் வண்டியில் மூக்கோடு சேர்ந்தே ஜாக்கி வரும். எங்கள் ஊர்ப் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டேன். எம்ஆர்ஐக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. ஏறும், 30 செ.மீ. ஏற்ற ஐம்பது சுற்று. கைப்பிடியில் ஏழெட்டு கிலோ விசை போதும், நின்றபடியே சுற்றலாம். திருகு தானாகப் பின்னுக்குச் சுழலாது, எண்ணெய் கசிந்து இறங்குகிற பயமும் இல்லை. முக்கியமாக, கழற்றும்போதே மூக்கைக் கொக்கி உயரத்தில் நிறுத்திவிடுவதால் மறுபடி தூக்குகிற வேலையே இல்லை. மற்ற நாலும் கீழே விழுந்த மூக்கைத் தூக்கும் வழிகள், இது விழாமல் பார்த்துக்கொள்ளும் வழி. சேறாக இருந்தால் தட்டுக்கு அடியிலும் பலகை போடுவேன், அந்தப் பாடம் மறக்காது.

நாலு சக்கர ட்ரெய்லர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். உண்மைதான். பாரம் முழுக்கச் சக்கரங்களில் நிற்கும், இழுக்கும் சட்டத்தின் சொந்த எடை மட்டும்தான் கைக்கு வரும். ஆனால் பின்னோக்கி ஓட்டுவது பெரும்பாடு, எங்கள் வரப்புப் பாதையில் திரும்பவும் திரும்பாது.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது, அடுக்குவதில். முன்விளிம்பில் வைக்கும் ஒரு மூட்டை வளையத்தில் 24 கிலோ ஏற்றுகிறது, அதே மூட்டை கடைக்கோடியில் 16 கிலோ குறைக்கிறது. பத்து மூட்டையை முன்னாலிருந்து கடைசிக்கு மாற்றினால் 400 கிலோ வித்தியாசம். இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பின்னால் அடுக்கிவிடாதீர்கள். பின்பாரம் மிஞ்சினால் பின்னைக் கழற்றிய நொடியில் மூக்கு எகிறும். ரோட்டில் வண்டி வாலாட்டும். நிறுத்தி வைக்கப்போகிற லோடு என்றால் முன்வரிசையில் நாலைந்து மூட்டை குறைத்து அடுக்குவதோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்.

ஏற்கெனவே முதுகைப் பிடித்துக்கொண்டவருக்கு ஒரு வார்த்தை: கால் மரத்துத் துவண்டாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ வைத்தியரின் எண்ணெய்க்கட்டு வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஸ்டாண்டிலும் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. மாட்டிய நாலாம் நாள், அத்தை மகன் அதை ஏற்ற மறந்து வண்டியை எடுத்துவிட்டான். கால் வரப்பில் இடித்து வில்லாக வளைந்துவிட்டது. இரண்டாவது காலைப் பக்கவாட்டில் மடங்குகிற மாதிரி செய்யச் சொன்னோம், மடக்கினால்தான் பின்னைப் போட முடியும் என்கிற அளவுக்கு வழியை மறித்து நிற்கும். வளைந்த பழைய கால் கொல்லையில் அவரைப் பந்தலுக்கு முட்டாக நிற்கிறது.