புதுசு என்று சொல்லி ஒட்டுப்போட்ட சப்வூஃபரை விற்றுவிட்டார்கள், 48,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்பீக்கரும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடையில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) வாங்கினேன். 48,000. முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அது திரும்பி வராது என்று இன்று காலையில் உறுதியாகிவிட்டது.

நம்பும்படிதான் பேசினார்கள். போனை எடுத்தவர் விற்பதற்கு அவசரமே படவில்லை. அறையின் நீள அகலம் என்ன, ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர் எந்த அளவு என்றெல்லாம் விசாரித்தார். "கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைங்க சார். மூலையில் தள்ளினா பேஸ் கூடும், ஆனா குழம்பிப் போயிடும், கொஞ்சம் வெளியே இழுத்து வைங்க" என்றார். கிராஸ்ஓவர் என்பது எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை. எல்லாமே சரியான பேச்சு. நான் கேட்ட பெரிய மாடலை வேண்டாம் என்று சொல்லி, "உங்க அறைக்கு இதுவே போதும்" என்று விலை குறைந்ததை அவரே காட்டினார். அதைக் கேட்டபிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பெட்டி வந்தது. ஆன் செய்ததுமே 'ம்ம்ம்' என்று இரைச்சல். பாட்டுப் போட்டால், பேஸ் வரும் இடத்திலெல்லாம் கரகரவென்று உரசல். சத்தத்தைக் குறைத்தாலும் அதேதான்.

கூப்பிட்டேன். "எர்த் பிரச்சினை சார், உங்க வீட்டு ஒயரிங்" என்றார்கள். சிக்னல் கேபிளைக் கழற்றிவிட்டு பவர் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. வேறு எந்தக் கருவியோடும் இணைப்பே இல்லாதபோது கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு சுற்றாகச் சேர்வதால் வரும் இரைச்சல்) எங்கிருந்து வரும்? கோளாறு உள்ளே இருக்கும் ஆம்பில். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "புதுசு இல்லையா, ஓட ஓடச் சரியாயிடும்." ஸ்பீக்கரின் கூம்பை (கோன்) அசைக்கும் கம்பிச்சுருள்தான் வாய்ஸ் காயில்; அது காந்த இடுக்கில் உரசினால் ஓட ஓடத் தேயுமே தவிர சரியாகாது. அப்புறம் "அறை எதிரொலி" என்றார்கள். அப்புறம் "டெக்னீஷியன் லீவு."

கடைசியில் அவர்களே, "டிரைவரைக் கழற்றி ஒரு போட்டோ அனுப்புங்க" என்றார்கள். டிரைவரை, அதாவது பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றினேன். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பிரித்து மறுபடி ஒட்டியது. பின்பக்கம் பழைய பசை பழுப்பேறித் திட்டுத்திட்டாக நிற்க, அதன்மேல் புதுப் பசை பளபளத்தது. வளையத்தை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டியிருந்தார்கள். விரல்களால் கோனைச் சமமாக மெல்ல அழுத்தினால் சர்ரென்று உரசுவது கைக்கே தெரிந்தது. யாரோ ஓட்டித் தீர்த்ததை ஒட்டுப்போட்டு என் தலையில் கட்டி 48,000 பிடுங்கியிருக்கிறார்கள்!

போட்டோ போனதும் வந்த பதில்: "நீங்க திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது." திறக்கச் சொன்னது போனில் என்பதால் அதற்கு ஆதாரம் இல்லை. இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

சப்வூஃபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். சிக்னல் கேபிள் மாட்டும் முன்பே பவர் கொடுத்து இரைச்சலைக் கவனியுங்கள். பவரை அணைத்துவிட்டுக் கோனை அழுத்திப் பாருங்கள். பிஎம்பிஓ வாட்ஸ் (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச அளவு) என்று பெரிய எண்ணைக் காட்டினால் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். திறந்து பார்க்கச் சொன்னால், அதை எழுத்தில் தரும்வரை ஸ்குரூடிரைவரைத் தொடவே தொடாதீர்கள்.