‘முதல் செபப் புத்தகம்’: அட்டையும் நூலும்

சிங்கப்பூரின் பிராஸ் பாசா வட்டாரத்தில் பழம்புத்தகம் விற்கும் சிறிய கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள், ‘தமிழில் அச்சான முதல் கத்தோலிக்க செபப் புத்தகம், 1,800 வெள்ளி’ (சிங்கப்பூர் டாலர்) என்ற அட்டையோடு ஒரு நூல் விற்பனைக்கு இருக்கிறது. கடைக்காரர் தயங்காமல் அதை எடுத்துக் கொடுத்து, மேசை விளக்கின் அடியில் அரை மணி நேரம் புரட்டிப் பார்க்க விட்டார். அந்தத் தாராள மனத்தை முதலில் பாராட்டிவிட வேண்டும்.

அட்டையில் எழுதியிருப்பது தவறு. போர்த்துகீசிய இயேசு சபைக் குரு அன்றிக்கு அடிகளார் தமிழாக்கிய, செபங்களும் மறைபோதனையும் அடங்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்றே கொல்லத்தில் அச்சேறிவிட்டது. 16 பக்கங்களே கொண்ட அந்நூலின் படி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அக்கால அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடும் இல்லை. கடையிலுள்ள நூலிலோ, வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகாரத்துக்கென்று புகுத்திய சுழித்த கொம்பு (ே) பக்கத்துக்குப் பக்கம் தென்படுகிறது. முகப்பின் அடிப்பகுதி கிழிந்து ஆண்டு போய்விட்டது. புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோயிலைச் சேர்ந்த அச்சுக்கூடம் என்ற வரி மட்டும் தப்பியிருக்கிறது. தாளையும் எழுத்தையும் வைத்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று கணிக்கிறேன்.

இதனால் நூல் மதிப்பிழந்துவிடவில்லை. ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று தொடங்கும் பழைய மங்கள வார்த்தை செபமும் (மரியன்னையை வாழ்த்தும் செபம்), சர்வேசுரன் (கடவுள்), இஸ்பிரீத்து சாந்து (தூய ஆவி), அர்ச்சியசிஷ்டர் (புனிதர்) முதலிய சொற்களும் அச்சில் அப்படியே இருக்கின்றன. அதே செபத்தை ‘அருள் நிறைந்த மரியே’ என்று சொல்லி வளர்ந்த என் தலைமுறைக்கு, அவை பாட்டி வாயில் மட்டுமே கேட்ட சொற்கள். மரித்தவர்களுக்கான செபங்களின் பக்கங்களில்தான் மெழுகுத் துளிகளும் விரல் அழுக்கும் மிகுதி. மற்ற இடங்களில் தாள் அவ்வளவு தேயவில்லை. ஒரு குடும்பம் எதற்காக இந்நூலை அதிகம் திறந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

இங்கு இது வந்து சேர்ந்ததும் வியப்பன்று. புதுச்சேரியில் பணியாற்றிய பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருக்களே சிங்கப்பூரிலும் பணியாற்றினார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயமும் அவர்கள் முயற்சியே.

குறைகளும் உண்டு. பின்னாளில் யாரோ ரெக்சின் அட்டை போட்டுக் கட்டியபோது ஓரங்களை ஒட்ட வெட்டியதால், சில பக்கங்களில் கடைசி எழுத்துகள் பாதியாக நிற்கின்றன. பூச்சித் துளைகள் நடுப்பகுதியில் வரிசையாக ஓடுகின்றன. ஈரக்காற்றால் பழுப்புப் புள்ளிகளும் படர்ந்திருக்கின்றன. ஆண்டில்லாத, வெட்டுப்பட்ட இந்தப் படிக்கு 400 வெள்ளிக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை.

கொல்லத்து நூலைப் பற்றிக் கடைக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, அட்டையில் ‘முதல்’ என்பதை அடித்துவிட்டு ‘மிகப் பழைய’ என்று எழுதியிருந்தார். விலை 1,800 வெள்ளியாகவே இருந்தது.