டாட்ஜர்ஸின் 2023 குளிர்காலக் கொள்முதல்: ஒரு ரசிகனின் மதிப்புரை

2023 அக்டோபரில், கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுத் தொடரில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியிடம் மூன்று ஆட்டங்களையும் இழந்து 3-0 என்று வெளியேறியபோது, அமெரிக்க பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் தொடக்கப் பந்துவீச்சாளர்கள் மூவரும் சேர்ந்து எடுத்த அவுட்டுகள் 14. கொடுத்த ரன்கள் 13. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை வெல்ல எதிரணியின் 27 அவுட்டுகளை எடுத்தாக வேண்டும். அவற்றில் 15 முதல் 18 வரை தொடக்கப் பந்துவீச்சாளர் ஒருவரே எடுத்துத் தர வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஒருவர் ஓர் ஆட்டத்தில் செய்ய வேண்டிய வேலையை மூவர் மூன்று ஆட்டங்களில் செய்து முடிக்கவில்லை. முதல் ஆட்டத்தில், எங்கள் தலைமுறையின் மிகப் பெரிய இடக்கைப் பந்துவீச்சாளரான கிளேட்டன் கெர்ஷா ஒரே ஓர் அவுட்டை எடுத்துவிட்டு 6 ரன்களைக் கொடுத்து, தலையைக் குனிந்தபடி மேட்டிலிருந்து இறங்கினார். மூன்றாவது ஆட்டத்தில் லான்ஸ் லின் ஒரே இன்னிங்ஸில், அதாவது மூன்று அவுட்டுகள் கொண்ட ஒரே சுற்றில், நான்கு ஹோம் ரன்களை (பந்து எல்லைக்கு வெளியே போகும் அடிகளை) கொடுத்தார். அந்தப் பருவத்தில் 100 ஆட்டங்களை வென்ற அணி இது. தோற்கடித்த அரிசோனா வென்றவை 84 மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டிலும் 111 வெற்றிகளோடு வந்து, இதே கட்டத்தில் சான் டியாகோ பாட்ரெஸிடம் இதே போலத் தோற்றிருந்தோம்.

ஆகவே அந்தக் குளிர்காலத்தில் கடைக்குப் போகும்போது கையில் இருந்த சீட்டில் முதல் வரி என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. தொடக்கப் பந்துவீச்சாளர்கள் வேண்டும். அதுவும் அக்டோபர் வரை தோளும் முழங்கையும் தாங்கக்கூடியவர்கள் வேண்டும். அணியின் பேஸ்பால் விவகாரங்களுக்குத் தலைவரான ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் எதை வாங்கி வந்தார், வாங்கியது உழைத்ததா என்பதே இந்த மதிப்புரையின் பொருள். பெட்டியைப் பிரித்த அன்றே மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை என்பதால், ஒரு முழுப் பருவப் பயன்பாட்டைப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். இங்கே ஏலம் கிடையாது. ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற கட்டாய உச்சவரம்பும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வரி உண்டு. 2024-இல் சம்பளக் கணக்கு 23.7 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஏற்ப அணி லீக்குக்கு வரி கட்ட வேண்டும். டாட்ஜர்ஸ் அந்த ஆண்டுக்கு ஏறத்தாழ 10.3 கோடி டாலர் வரி கட்டியது. சில அணிகளின் மொத்தச் சம்பளப் பட்டியலே அந்த அளவுதான் இருக்கும் என்பதை நினைத்தால், பிற ஊர் ரசிகர்களின் கோபத்தை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

முதலில், பந்துவீச்சு, மட்டை இரண்டிலும் வல்லவரான ஜப்பானியர் ஷோஹேய் ஓட்டானி. 2023 டிசம்பர் 8 அன்று, அந்த ஊர் அணியில் சேர அவர் டொரான்டோவுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருப்பதாகச் செய்தி பரவியது. தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனியார் விமானத்தின் சிறிய புள்ளி, வரைபடத்தில் வடகிழக்கு நோக்கி நகர்வதை அலுவலகக் கணினியின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விமானத்திலிருந்து இறங்கியவர் கனடாவைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர். மறுநாள் ஓட்டானி தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் டாட்ஜர்ஸ் சின்னத்தை வெளியிட்டார்: 10 ஆண்டுகள், 70 கோடி டாலர்.

அந்த எண்ணைவிட அதைக் கொடுக்கும் விதம்தான் விவாதத்துக்குரியது. ஆண்டுக்கு 7 கோடி என்று கணக்கிருந்தாலும், ஆடும் பத்தாண்டுகளில் அவர் கையில் வாங்குவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் மட்டுமே. மீதமுள்ள 68 கோடியும் 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல் கொடுக்கப்படும். பத்தாண்டு கழித்து வரும் பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் அவரது ஆண்டுச் சம்பளம் 7 கோடியாக அல்லாமல் ஏறத்தாழ 4.6 கோடியாகவே ஏறுகிறது. இதை ஏமாற்று வேலை என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஒத்திவைத்த தொகையின் இன்றைய மதிப்பை அணி குறித்த காலத்துக்குள் தனியே ஒதுக்கி வைத்தாக வேண்டும் என்று லீக்கின் தொழிலாளர் ஒப்பந்தமே சொல்கிறது. ஆகவே பணத்தை 2034 வரை மறந்துவிட்டு இருக்க முடியாது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் பாபி போனியாவுக்கு நியூயார்க் மெட்ஸ் அணி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று 11.9 லட்சம் டாலர் கொடுத்து வருவதை ஊரே கேலி செய்கிறது. அதில் 8 சதவீத வட்டியும் சேர்ந்திருக்கிறது. ஓட்டானி வட்டியே வேண்டாம் என்றார், தம்மைச் சுற்றி நல்ல அணி ஒன்றை அமைக்க இடம் விட்டார். வாங்கியவர் திறமையைவிட விற்றவர் தாராளமே இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் அணியின் மற்ற நட்சத்திரங்களான மூக்கி பெட்ஸ், ஃப்ரெடி ஃப்ரீமன் ஒப்பந்தங்களிலும் இதே போல் பின்தேதியிட்ட தொகைகள் இருக்கின்றன; 2030-களின் நடுவில் இந்த அணியை நடத்தப் போகிறவருக்கு என் அனுதாபங்கள்.

என் உண்மையான குறை வேறு. பந்துவீச்சாளர் இல்லாமல் தோற்ற அணி வாங்கிய மிக விலையுயர்ந்த ஆட்டக்காரர், முழங்கை அறுவை சிகிச்சை காரணமாக 2024-இல் பந்து வீசவே முடியாதவர். அரிசி வாங்கப் போனவர் பட்டுப்புடவையோடு திரும்பியதைப் போல இருந்தது. அந்தப் புடவையின் அழகு பிறகுதான் தெரிந்தது. 54 ஹோம் ரன்கள், 59 பேஸ் திருட்டுகள் (பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). ஒரே பருவத்தில் இரண்டிலும் 50-ஐத் தொட்டவர் அதற்கு முன் எவருமில்லை. செப்டம்பர் 19 அன்று மயாமியில் ஆறு முறை மட்டை பிடித்து ஆறு முறையும் அடித்தார். அவற்றில் மூன்று ஹோம் ரன்கள், அணிக்கு 10 ரன்கள், போதாதென்று இரண்டு திருட்டுகள். இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் இரண்டாம் ஆட்டத்தில் தோள் விலகிய பிறகு அவரால் அதிகம் செய்ய இயலவில்லை. அந்தத் தொடரில் 19 முறை மட்டை பிடித்து 2 அடிகள் என்பதே அவர் கணக்கு. அவர் 17-ஆம் எண் சட்டையை விரும்பியதால் அதை விட்டுக்கொடுத்த பந்துவீச்சாளர் ஜோ கெல்லியின் மனைவிக்கு ஒரு போர்ஷே கார் பரிசாக வந்தது. 80 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தமான கெல்லிக்கு அந்த அக்டோபரில் ஆடும் வாய்ப்பே அமையவில்லை என்பதால், அந்தக் குளிர்காலத்தில் அவர் அணிக்குச் செய்த மிகப் பெரிய உதவி அந்தச் சட்டையாகவே இருக்கலாம்.

அடுத்து ஜப்பானியப் பந்துவீச்சாளர் யோஷினோபு யமமோட்டோ. அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசியிராத 25 வயது இளைஞருக்கு 12 ஆண்டுகள், 32.5 கோடி டாலர். அதற்கு மேல் அவரது பழைய அணியான ஓரிக்ஸ் பஃபலோஸுக்கு விடுவிப்புக் கட்டணமாக 5 கோடிக்கும் அதிகம். பந்துவீச்சாளர் கெரிட் கோல் நியூயார்க் யாங்கீஸுடன் செய்திருந்த 32.4 கோடியைப் பத்து லட்சம் தாண்டிய ஒப்பந்தம் இது. ஜப்பானின் சிறந்த தொடக்கப் பந்துவீச்சாளருக்கான சவாமுரா விருதைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவர் என்பதால் திறமையில் ஐயமில்லை. எடை தூக்குவதை விட்டுவிட்டு, சிறிய ஈட்டிகளை மைதானத்தின் குறுக்கே எறிந்து பயிற்சி செய்யும், அதிக உயரமில்லாத அந்த உடல் ஐந்து நாளுக்கு ஒரு முறை வீசும் இங்குள்ள சுழற்சியைத் தாங்குமா என்பதே கேள்வி. ஜப்பானில் வாரத்துக்கு ஒரு முறைதான் வீசுவார்கள்.

அவரது முதல் ஆட்டம் 2024 மார்ச் 21 அன்று சியோலில் நடந்தது. இங்கே லாஸ் ஏஞ்சலஸில் அப்போது விடியற்காலை மூன்று மணி. வீட்டில் யாரையும் எழுப்பாமல் ஃபில்டர் காபி போட்டுக்கொண்டு, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். காபி ஆறுவதற்குள் முதல் இன்னிங்ஸ் முடிந்து, 5 ரன்களைக் கொடுத்திருந்த யமமோட்டோவின் அன்றைய வேலையும் முடிந்திருந்தது. பந்து இலக்கிலிருந்து ஒவ்வொரு முறையும் கையளவு விலகிப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, 32.5 கோடியை மனத்துக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனேன். ஜூன் மத்தியில் தோள் வலி, செப்டம்பரில்தான் திரும்பினார். பருவம் முழுவதும் 18 ஆட்டங்களே தொடங்கினார்.

ஆனால் அக்டோபர் 11 அன்று, பாட்ரெஸுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது, முடிவான ஆட்டத்தில் அவர் வீசியதைப் பார்த்தவர் எவரும் விலையைப் பற்றிப் பிறகு பேசியிருக்க மாட்டார்கள். அதே தொடரின் முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் 5 ரன்களைக் கொடுத்தவர், அன்று ஐந்து இன்னிங்ஸில் ஒரு ரன்னும் தரவில்லை. பின்னர் வேர்ல்டு சீரிஸின் இரண்டாம் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு ஆறு இன்னிங்ஸுக்கும் மேல் வீசி, ஹுவான் சோட்டோவின் ஹோம் ரன் ஒன்றைத் தவிர வேறு அடியே கொடுக்கவில்லை. இது தரமான பொருள். கவனமாகக் கையாள வேண்டிய பொருளும்கூட.

பந்துவீச்சாளர் டைலர் கிளாஸ்னோவைப் பற்றி இவ்வளவு பரிவோடு எழுத முடியவில்லை. இரண்டு மீட்டர் உயரம், மட்டையாளர்கள் அஞ்சும் வேகம், தெற்குக் கலிபோர்னியாவிலேயே வளர்ந்தவர் என்பதெல்லாம் உண்மை. அதுவரையிலான எந்தப் பருவத்திலும் அவர் 120 இன்னிங்ஸைத் தாண்டியதில்லை என்பதும் உண்மை. தம்பா பே ரேஸிடமிருந்து அவரைப் பெறுவதற்கு ரையன் பெப்பியோ என்ற இளம் பந்துவீச்சாளரையும் ஜானி டெலூக்காவையும் கொடுத்து, கையோடு ஐந்து ஆண்டுகளுக்கு 13.65 கோடி டாலர் ஒப்பந்தமும் எழுதினார்கள். அவர் 134 இன்னிங்ஸ் வீசினார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். ஆகஸ்டில் முழங்கை வலித்தது. அக்டோபரில் பார்வையாளராக அமர்ந்திருந்தார். பெப்பியோ அங்கே மிகச் சிறு சம்பளத்தில் ஏறத்தாழ அதே அளவு வீசியிருந்தார். உடைந்துபோகக் கூடியது என்று பெட்டியின் மேலேயே எழுதியிருந்ததை வாங்கிவிட்டு, உடைந்ததும் வியப்பதில் பொருளில்லை. ஓராண்டுக்கு வாங்கிய ஜேம்ஸ் பாக்ஸ்டன் ஜூலையிலேயே பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார்.

ஆக, பந்துவீச்சுக்கென்று 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும், அக்டோபரில் நின்று வீசியவர் அவர்களில் யமமோட்டோ மட்டுமே. அவருடன் தோள் கொடுத்தவர்கள், ஜூலை இறுதியில் டெட்ராய்டிலிருந்து அவசரமாக வாங்கி வந்த ஜாக் ஃப்ளஹர்ட்டியும், நீண்ட காயத்திலிருந்து மீண்ட எங்கள் பழைய வாக்கர் பியூலரும்தான். மற்ற சில ஆட்டங்களை மாற்றுப் பந்துவீச்சாளர்களைக் கொண்டு ஒட்டுப்போட்டுக் கடத்தினார் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ். சீட்டின் முதல் வரியை அந்தக் குளிர்காலம் முழுமையாக நிறைவேற்றவில்லை என்றே சொல்வேன்.

சீட்டில் இல்லாமல், கடைசி நேரத்தில் கூடையில் போட்ட இரண்டு பொருள்கள்தான் என்னை வியக்க வைத்தன. மட்டையாளர் டியோஸ்கர் ஹெர்னாண்டஸை ஜனவரியில் ஓராண்டுக்கு 2.35 கோடி டாலருக்கு எடுத்தபோது நான் முகம் சுளித்தேன். முந்தைய ஆண்டு சியாட்டிலில் 211 முறை பந்தை அடிக்காமலே ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் அவர். இங்கே வந்து 33 ஹோம் ரன்கள் அடித்தார்; ஜூலையில் நடந்த ஹோம் ரன் டெர்பி என்ற ஹோம் ரன் அடிக்கும் போட்டியையும் வென்றார். சக ஆட்டக்காரர் ஹோம் ரன் அடித்துத் திரும்பும்போதெல்லாம் கை நிறைய சூரியகாந்தி விதைகளை அள்ளி அட்சதை போல அவர் தலையில் வீசும் டியோஸ்கரின் சிரிப்பு, முந்தைய இரண்டு அக்டோபர்களில் அந்த அணியின் இருக்கையில் நான் பார்த்திராத ஒன்று. பிப்ரவரியில், பருவத்துக்கு முந்தைய ஸ்பிரிங் பயிற்சி தொடங்கிய பிறகு, பழைய ஆட்டக்காரரான கீக்கே ஹெர்னாண்டஸை 40 லட்சம் டாலருக்குத் திரும்ப அழைத்தார்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவார், பருவம் முழுவதும் சுமாராக அடிப்பார், அக்டோபர் வந்தால் வேறு ஆளாகிவிடுவார் என்பது அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததுதான்.

மேலே சொன்ன அக்டோபர் 11 ஆட்டம் 2-0 என்று முடிந்தது. பாட்ரெஸின் யூ டார்விஷ் அன்று அற்புதமாக வீசினார். அவரிடமிருந்து வந்தவை இரண்டே ரன்கள், இரண்டும் ஹோம் ரன்கள். ஒன்றை அடித்தவர் கீக்கே, மற்றொன்றை அடித்தவர் டியோஸ்கர். வேர்ல்டு சீரிஸின் கடைசி ஆட்டத்தில் 5-0 என்று பின்தங்கியிருந்தபோது, கோலின் பந்தில் அன்றைய முதல் அடியை எடுத்து அந்த ஐந்தாவது இன்னிங்ஸைத் தொடங்கியவர் கீக்கே. 5-5 என்று சமன் செய்த இரட்டை அடியை (அடித்தவர் இரண்டாம் பேஸ் வரை சென்ற அடியை) அடித்தவர் டியோஸ்கர். இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை, அந்தக் குளிர்காலத்தின் மொத்தச் செலவில் கறிவேப்பிலை அளவு.

செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு இடையே நின்று தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு எவரையும் வாங்கவில்லை. கேவின் லக்ஸ் முழங்கால் காயத்திலிருந்து வந்து பார்த்துக்கொள்வார் என்று இருந்தார்கள். ஸ்பிரிங் பயிற்சியில் அவரது எறிகள் முதல் பேஸுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பருவம் தொடங்க இரண்டு வாரமே இருக்கும்போது, வலது வெளிக்களத்தில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதுகள் பலவற்றை வென்ற மூக்கி பெட்ஸை அந்த இடத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு அவர் தனியாகத் தரைப்பந்து பொறுக்கிப் பயிற்சி செய்ததைப் பார்க்கையில் மதிப்பு கூடியது. ஆனால் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்த வீட்டில், இருப்பதிலேயே நல்ல நாற்காலியை எடுத்து ஏணியாகப் பயன்படுத்த வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அணி 98 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடத்தில் முடித்து, யாங்கீஸை 4-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் தருகிறேன். குறைத்த ஒன்றில் பாதி கிளாஸ்னோவுக்கு, பாதி அந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு.